சிவசமுத்திரத்து மின்சாரமும் தங்கவயல் தமிழரும்

நம் சங்கத்தின் ஆண்டுவிழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் பணித்தபொழுது நாம் சற்றுத் தயங்கினோம். நாம் புலவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறியபின் ரெயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்து, சரக்குக் கணக்கு எழுதிப் பிழைத்து வருகிறோம். சங்க இலக்கியம் பற்றி எழுத இம்மலரில் அறிஞர் பலர் உளர். ஆயினும், சென்ற ஆண்டு விழா மேடையில் சொற்பொழிவாளர் ஒருவர், "பெங்களூருக்கு மின்சாரம் எப்பொழுது வந்தது, யார் பணத்தில் வந்தது?" என்று கேட்டபொழுது, கூடியிருந்த முந்நூறு பேரில் விடை கூறுவார் ஒருவரும் இல்லாதது நம் மனத்தை உறுத்திற்று. அவ்விடையில் நம் முன்னோருக்கும் பங்கு உண்டு. ஆகவே அறிந்த அளவில் அவ்வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எங்கள் குடும்பம் கோலார் தங்கவயலைச் சேர்ந்தது. கொள்ளுப்பாட்டனார் குடியாத்தம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, மழை பொய்த்த ஆண்டொன்றில், மூட்டை முடிச்சுடன் மாரிகுப்பம் வந்து சேர்ந்தார் என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவரைப் போலவே வட ஆர்க்காட்டிலிருந்தும் அதனை அடுத்த தமிழ் மாவட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்தனர். 1880 ஆம் ஆண்டு முதல் அங்கே ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கச் சுரங்கங்களை நடத்தினர். உரிகம், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்களின் பெயர்கள் வேறு வேறாயினும், அவற்றில் இறங்கிய கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகளே.

சுரங்கம் ஆழ ஆழ, அதன் பசி பெருகும். பாறையில் ஊறும் நீரை இறைத்து மேலே கொட்ட வேண்டும். கீழே உள்ளவர்க்குக் காற்றுச் செலுத்த வேண்டும். ஆளையும் கல்லையும் கூண்டில் ஏற்றி இறக்க வேண்டும். ஏற்றிய கல்லை இரும்பு உலக்கைகளால் இடித்துப் பொடியாக்க வேண்டும். இவை அனைத்தும் அந்நாளில் நீராவி இயந்திரங்களால் நடந்தன. நீராவிக்கு விறகும் நிலக்கரியும் வேண்டும். தங்கவயலைச் சுற்றியிருந்த காடுகள் கொதிகலன்களுக்கு இரையாயின. நிலக்கரியோ தொலை தூரத்திலிருந்து வரவேண்டும். பவுரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) மாரிகுப்பம் வரையிலான பத்து மைல் ரெயில் பாதை 1894 இல் திறக்கப்பட்டது. கரி வருவதற்கு அது வழி செய்ததே அன்றிக் கரியின் விலையைக் குறைக்கவில்லை. சரக்குக் கணக்கு எழுதும் நமக்கு இது நன்கு விளங்கும். தொலைவில் வெட்டிய கரி, வந்து சேருமிடத்தில் கூலியைச் சுமந்து கொண்டே நிற்கும்.

இந்நிலையில் மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் சர் கே. சேஷாத்திரி ஐயர். பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர். 1883 முதல் 1901 வரை திவான் பதவியிலிருந்தவர். 1894 இல் மகாராஜா சாமராஜேந்திர உடையார் மறைந்தபின், இளவரசர் சிறுவராதலின் மகாராணியாரே அரசப் பொறுப்பை ஏற்றிருந்தார். சமஸ்தானத்தின் துணைத் தலைமைப் பொறியாளராக ஜோலி டி லோட்பினியர் என்னும் இராணுவப் பொறியாளர் இருந்தார். இவர் கனடா நாட்டினர். காவிரி சிவசமுத்திரத் தீவைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, ககனசுக்கி, பரசுக்கி என்னும் இரு அருவிகளாக வீழும் இடத்தை இவர் கண்டு, "இவ்வீழ்ச்சியின் வலிமையைக் கம்பி வழியே தங்கவயலுக்கு அனுப்பலாம்" என்னும் கருத்தைத் திவானிடம் வைத்தார்.

இன்று இதைப் படிக்கும் பள்ளிப் பிள்ளைக்கு இதில் வியப்பு ஒன்றும் தோன்றாது. ஆனால் அந்நாளில் இது அளவுக்கு மீறிய ஆசையாகவே பலர்க்குத் தோன்றியிருக்கும். அமெரிக்காவில் நயாகரா அருவியின் மின்சாரம் பஃபலோ நகருக்குச் சென்றது 1896 இல். அத்தூரம் இருபத்தைந்து மைல் அளவே. இந்தியாவில் 1897 இல் டார்ஜிலிங்கில் ஒரு சிறு நீர்மின் நிலையம் ஏற்பட்டிருந்தது. அது மலை நகரின் விளக்குக்கு மட்டும் போதுமானது. சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கோ 92 மைல்! இடையே காடும் மேடும் சிற்றூர்களும். இத்துணைத் தொலைவு மின்சாரத்தை அனுப்பியவர் அந்நாளில் உலகிலேயே மிகச் சிலர்.

ஆகவே, யார் பணம் போடுவது என்னும் கேள்வி எழுந்தது. இதுவே நம் கட்டுரையின் உயிர்நிலை. அன்பர்கள் சற்றுப் பொறுத்துக் கவனிக்க வேண்டுகிறோம்.

அருவியின் வலிமையைப் பயன்படுத்த உரிமம் வேண்டுமெனத் தனியார் சிலர் முன்னரே கேட்டதுண்டு. உரிமத்தைக் கொடுத்துவிட்டு ஆண்டுதோறும் ஒரு தொகை வாங்கிக்கொண்டு அரசாங்கம் சும்மா இருந்திருக்கலாம். சேஷாத்திரி ஐயர் அவ்வாறு செய்யவில்லை. ஆறு பொதுச் சொத்து, அதன் வலிமையும் பொதுச் சொத்து என்னும் முறையில் சமஸ்தானமே மூலதனமிட்டு நிலையத்தைக் கட்டுவது என்று முடிவு செய்தார். மறுபுறம், குடிகளின் வரிப்பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஆற்றில் எறியவும் அவர் சம்மதிக்கவில்லை. மின்சாரம் பிறந்தால் அதை வாங்குவோர் யார் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டார். சுரங்கக் கம்பெனியாருடன் பத்து ஆண்டுக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. குறிப்பிட்ட அளவு மின்விசையைக் கம்பெனியார் வாங்கியே தீரவேண்டும். விலை தொடக்கத்தில் மிகுதியாகவும் பின்னர்ப் படிப்படியாகக் குறைவாகவும் இருக்கும். முதலிட்ட பணம் விரைவில் திரும்பிவிட வேண்டுமென்பது இவ்வேற்பாட்டின் உட்பொருள்.

கம்பெனியார்க்கு இதில் என்ன இலாபம் எனில், நிலையம் கட்டும் பொறுப்பும், அது பழுதானால் வரும் நட்டமும் அவர்கள் தலையில் இல்லை. கரியை விட மலிவான விசை கிடைக்கும். சமஸ்தானத்துக்கு இலாபம் எனில், பொக்கிஷத்துக்கு நிலையான வருவாய். ஒருவர் துணிவையும் மற்றவர் உறுதிமொழியையும் ஒன்றாகக் கட்டிய முடிச்சு இது. இதில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அருவி அருவியாகவே விழுந்துகொண்டிருந்திருக்கும் என்பது நம் கருத்து.

மற்றொரு சிக்கலும் இருந்தது. அப்பகுதியில் காவிரி எல்லை ஆறு. அக்கரையில் இருந்த கொள்ளேகால் தாலுகா அந்நாளில் சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது (1956 இல் தான் அது மைசூருடன் இணைந்தது). ஆதலின் சென்னை அரசாங்கத்தின் இசைவும் பெற வேண்டியிருந்தது. பெறப்பட்டது. காவிரி என்னும் சொல்லைக் கேட்டாலே கதவைத் தாழிடும் நாட்களை நம் காலனிக் குடும்பங்கள் 1991 இல் கண்டிருக்கின்றன. அதனால் இவ்விடத்தில் ஒன்று சொல்லிச் செல்கிறோம்: மின்சாரம் எடுக்கும் நிலையம் ஆற்று நீரைக் குடிப்பதில்லை. சக்கரத்தைச் சுழற்றிய நீர் மீண்டும் ஆற்றிலேயே சேர்ந்து, ஒகேனக்கல் வழியாக மேட்டூரை அடைந்து, அங்கும் ஒருமுறை சக்கரத்தைச் சுழற்றிவிட்டே தஞ்சை வயலுக்குப் போகிறது.

டி லோட்பினியர் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று இயந்திரங்களுக்கு ஏற்பாடு செய்தார். நீர்ச் சக்கரங்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் கம்பெனியிலிருந்தும், மின்னாக்கிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலிருந்தும் வந்தன. கடல் கடந்து வந்த பேரிரும்புகள் ரெயிலில் மத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து வண்டிப் பாதையில் இழுத்துச் செல்லப்பட்டன. அந்தச் சரக்குச் சீட்டுகள் எங்கேனும் ஒரு பழைய கட்டில் கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்! அருவிக்கு மேலே ஆற்றை மறித்துக் கால்வாய் வெட்டி, ஏறத்தாழ 400 அடி உயரத்திலிருந்து குழாய்களில் நீரைக் கீழே பாய்ச்சினர். வீழும் நீர் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் மின்னாக்கியைச் சுழற்றும். 720 கிலோவாட் ஆற்றலுடைய ஆறு மின்னாக்கிகள் முதலில் அமைந்தன. பிறந்த மின்சாரத்தை முப்பதாயிரம் வோல்ட்டுக்கு மேல் அழுத்தமேற்றிக் கம்பியில் விட்டனர். அழுத்தம் மிகுந்தால் வழியில் ஏற்படும் சேதாரம் குறையும் என்பது இதன் சூட்சுமம்.

1902 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் நாள் சிவசமுத்திரத்து மின்சாரம் தங்கவயலை எட்டியது. அதைக் காணச் சேஷாத்திரி ஐயர் உயிருடன் இல்லை. உடல் நலிவால் 1901 இல் பதவி விலகியவர் அவ்வாண்டு செப்டம்பரிலேயே காலமானார். கப்பன் பூங்காவில் நின்றுகொண்டிருக்கும் அவர் சிலையை நம்மில் பலர் வழிப்போக்கில் பார்த்திருப்போம்.

கம்பெனியார் முதலில் பெற்ற விசை 4,000 குதிரைத்திறன். கொதிகலன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. இப்பொழுது அறிஞர்கள் "கரிப்புகை இல்லாத மின்சாரம்" என்று எதைப் பற்றி உலக மாநாடுகளில் பேசுகிறார்களோ, அது நம் பாட்டன்மார் வேலை செய்த குழிக்குள் 1902 இலேயே வந்துவிட்டது. ஆனால் அன்று புகையைப் பற்றி எவரும் கவலைப்பட்டதில்லை. கவலையெல்லாம் கரியின் விலையைப் பற்றியதே. நல்ல செயலொன்று நல்ல எண்ணத்தால் மட்டுமே நடக்கும் என்று எண்ணுவோர் இதைச் சற்றுச் சிந்திக்கலாம்.

இங்கே நாம் சொல்ல வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. சுரங்கத்தின் வாயில் விளக்கெரிந்த நாளில், அதில் இறங்கியவர்களின் மூங்கில் தட்டிக் குடிசைகளில் விளக்கெரியவில்லை. கூண்டை இறக்கியது மின்சாரம். காற்றைச் செலுத்தியது மின்சாரம். வீடு திரும்பினால் மண்ணெண்ணெய்ச் சிம்னி. எங்கள் பாட்டியார் இறக்கும்வரை, மாலையானால் சாம்பலால் சிம்னிக் கண்ணாடி துடைக்கும் பழக்கத்தை விடவில்லை. லைன் வீட்டில் பல்பு எரியத் தொடங்கிப் பல்லாண்டு ஆன பின்னரும் துடைத்தே வந்தார். "இது போனாலும் அது இருக்கும்" என்பார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோர் இருவர், அரசாங்கமும் கம்பெனியும். குழியில் இறங்கியவன் பெயர் அதில் இல்லை. மின்சாரம் வந்ததால் குழி மேலும் ஆழமாயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பிற்காலத்தில் 3,000 மீட்டருக்கும் கீழே சென்று உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று ஆயிற்று. அவ்வாழத்தின் வெப்பத்தை அளந்தவை நம் முன்னோர் உடல்கள்.

தங்கவயலுக்குப் போய் எஞ்சிய விசையை என்ன செய்வது என்று எண்ணிய பின்னரே தலைநகரின் நினைவு வந்தது. 1905 ஆகஸ்டு 5 ஆம் நாள் பெங்களூர் நகரில் மின் விளக்கு ஏற்றப்பட்டது. சிட்டி மார்க்கெட்டுப் பக்கத்துத் தெருக்களில் எண்ணெய் விளக்குக்காரனின் ஏணிக்கு வேலை குறைந்தது. ஆசியாவிலேயே முதலில் மின் விளக்குப் பெற்ற நகரம் பெங்களூர் என்று நம் ஊரார் பெருமை பேசுவர். டார்ஜிலிங்கை மறந்துவிட்டுப் பேசும் பெருமை அது. நீண்ட தொலைவிலிருந்து வந்த மின்சாரம் என்பதே இதன் உண்மையான சிறப்பு, அதுவே போதும். நம்மவர் மிகுதியாக வாழ்ந்த தண்டுப் பகுதி அந்நாளில் ஆங்கில ஆட்சியின் கீழ்த் தனியே இருந்ததால், நகரத்திற்குப் பிந்தியே அங்கு ஒளி வந்தது. மைசூர் நகரம் 1908 இல் விளக்குப் பெற்றது.

ஒப்பந்தம் செய்தவர்கள் முதலில் முழுதாக எண்ணிப் பாராத இடர் ஒன்று விரைவில் தலைகாட்டியது. காவிரி பருவத்தில் பொங்கும், கோடையில் மெலியும். சுரங்கத்தின் தேவையோ பன்னிரண்டு மாதமும் ஒரே அளவு. மின்சாரம் நின்றால் கூண்டு நிற்கும். கூண்டு நின்றால் ஊரே குழிவாயைப் பார்த்து நிற்கும். கம்பெனியாரோ மேலும் மேலும் விசை கேட்டனர். நீரைத் தேக்கி வைத்துக் கோடையிலும் விட்டாலொழிய வழியில்லை. கண்ணம்பாடியில் அணை எழுந்ததற்குப் பாசனம் ஒரு காரணம். சிவசமுத்திரத்தின் தாகம் மற்றொரு காரணம். தலைமைப் பொறியாளர் விசுவேசுவரையாவின் திட்டத்துக்குப் பணமிடத் தர்பாரில் தயக்கம் இருந்தது. இவ்வளவு மின்சாரத்தை யார் வாங்குவார் என்று கேட்டோரும் உண்டு. இறுதியில் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் இசைய, 1911 இல் வேலை தொடங்கியது. கூடுதல் விசையைச் சுரங்கத்துக்கு 1915 இல் தர வேண்டுமென்னும் கெடுவுக்காக ஆயிரக்கணக்கானோர் மலேரியாக் காய்ச்சலுக்கிடையே அணையில் உழைத்தனர். கண்ணம்பாடி என்னும் பழைய ஊர் நீருக்கடியிற் சென்றது. இந்த அணையைப் பற்றிச் சென்னைக்கும் மைசூருக்கும் எழுந்த வழக்கும், 1924 ஆம் ஆண்டு உடன்படிக்கையும் வேறொரு கட்டுரைக்குரியவை. அவற்றை இங்கே தொட வேண்டாம்.

அரசாங்கம் பணமிட்ட மைசூருக்கு எதிர்ப்புறமாகத் தனியார் பணமிட்ட பம்பாயைக் காட்டலாம். டாட்டா குடும்பத்தார் 1910 இல் நீர்மின் கம்பெனி ஒன்றை நிறுவினர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநீரைத் தேக்கி, கோபோலியில் இறக்கி, 1915 முதல் பம்பாய்ப் பஞ்சாலைகளுக்கு மின்சாரம் வழங்கினர். மூலதனத்தை இந்நாட்டுச் செல்வரும் சமஸ்தானாதிபதிகளும் பங்காக வாங்கினர். அங்கும் ஆலைக்காரர் வாங்குவார் என்னும் உறுதியே அடித்தளம். நம் தாயகத்தில் நீலகிரியின் பைக்காரா நிலையத்தைச் சென்னை அரசாங்கமே கட்டிற்று; 1932 இல் அங்கிருந்து வந்த மின்சாரத்தால் கோவையில் பஞ்சாலைகள் காளான்போல் முளைத்தன. பிற்காலத்தில் காற்றாலைகள் வந்ததும் இவ்வாறே. 1986 இல் தூத்துக்குடிப் பக்கம் அரசாங்கத் துறையினர் மாதிரிக் காற்றாலைகளை நிறுத்திக் காட்டினர். காற்று பொய்க்கவில்லை என்று கண்ட பிறகு, வரிச் சலுகையும் கிடைக்கவே, பஞ்சாலை முதலாளிகள் முப்பந்தல் கணவாயில் சொந்தப் பணத்தில் காற்றாடிகளை நட்டனர். முதல் அடி வைக்க அரசாங்கம், இரண்டாம் அடி வைக்கத் தனியார் என்று சொல்லலாம். முதல் அடியில் முள் குத்தினால் குடிகளின் காலில் குத்தும் என்பதையும் மறத்தலாகாது.

சிவசமுத்திரம் பிற்காலத்தில் 42 மெகாவாட் வரை வளர்ந்தது. 1940 இல் சிம்ஷா, 1948 இல் ஜோக் என்று மைசூரின் அருவிகள் ஒவ்வொன்றாக வேலைக்கு வந்தன. ஒரு தலைமுறைக் காலம் இம்மாநிலத்தின் மின்சாரம் அனைத்தும் நீரிலிருந்தே பிறந்தது எனலாம். பின்னர்த் தேவை நீரை மிஞ்சியது. 1985 இல் ராய்ச்சூரில் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. சேஷாத்திரி ஐயர் வெளியேற்றிய கரி வேறு வாயில் வழியே உள்ளே வந்தது. இதில் நாம் பிறரைக் குறை கூறுவதற்கில்லை. ரெயில்வேயின் சரக்கு வருமானத்தில் பெரும்பங்கு நிலக்கரியினுடையது. ஒவ்வொரு மாதமும் நம் கைக்கு வரும் சம்பளத்தில் கரியின் தூசு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. கரி வேண்டாம் என்று சொல்லும் உலகில் நம் மேசைக்கு என்ன வேலை இருக்கும் என்று சில இரவுகளில் எண்ணியதுண்டு.

இப்பொழுது வடக்கே, துமகூரு மாவட்டத்துப் பாவகடாவில் எழுந்துள்ள சூரிய மின் பூங்காவைப் பார்ப்போம். ஏறத்தாழ 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். 2018 இல் இயங்கத் தொடங்கி அடுத்த ஆண்டின் இறுதிக்குள் முழுமை பெற்றது. சிவசமுத்திரத்தின் முதல் ஆறு மின்னாக்கிகளும் சேர்ந்து ஏறத்தாழ 4.3 மெகாவாட் என்பதை நினைவிற் கொண்டால் வளர்ச்சி விளங்கும். மத்திய, மாநில அரசாங்கங்களின் நிறுவனங்கள் கூட்டாக நிலத்தையும் கம்பியையும் சாலையையும் ஏற்பாடு செய்தன; தனியார் கம்பெனிகள் தங்கள் மூலதனத்தில் தகடுகளைப் பதித்தன; பிறக்கும் மின்சாரத்தை 25 ஆண்டு வாங்குவதாக அரசாங்கத்து விநியோக நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்தன.

அன்பர்கள் இதைச் சிவசமுத்திரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1902 இல் அரசாங்கம் உற்பத்தி செய்தது, கம்பெனி வாங்குவதாக உறுதி தந்தது. இன்று கம்பெனி உற்பத்தி செய்கிறது, அரசாங்கம் வாங்குவதாக உறுதி தருகிறது. முடிச்சு அதே முடிச்சு. கயிற்றின் நுனிகள்தாம் கை மாறியிருக்கின்றன. அன்று இடரை ஏற்றவன் இலாபத்தையும் பெற்றான். இன்று இலாபம் கம்பெனிக்குப் போகையில், இடரில் எவ்வளவு அதன் பக்கம், எவ்வளவு மின்கட்டணம் செலுத்தும் நம் பக்கம் என்று கேட்பது குடிகளின் உரிமை என்றே கருதுகிறோம்.

பாவகடாவில் நாம் போற்றும் செய்தி ஒன்று உண்டு. நிலத்தை அரசாங்கம் பறித்துக்கொள்ளவில்லை, குத்தகைக்கே எடுத்தது. வானம் பார்த்த பூமிக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நூற்றுக்கு ஐந்து உயரும் ஏற்பாடு. கண்ணம்பாடி மூழ்கிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் நிலமுடையோன் குத்தகை பெறுவான். அந்நிலத்தில் களை பறித்துக் கூலி பெற்றவள் என்ன பெறுவாள்? தகட்டைத் துடைக்கவும் காவல் காக்கவும் வேண்டியவர் சிலரே. நிலமற்ற கூலிகளின் நிலை பற்றி அங்கே குறை எழுந்தது. அதைப் படித்தபொழுது தங்கவயலின் தட்டிக் குடிசைகள் நம் கண்முன் வந்தன. ஒப்பந்தத்தில் மூன்றாவது பெயர் இன்னும் எழுதப்படவில்லை.

காவிரிக்குக் கோடை இருந்ததுபோல் சூரியனுக்கு இரவு இருக்கிறது. அன்று கண்ணம்பாடி அணை தேவைப்பட்டதுபோல் இன்று மின்சாரத்தைத் தேக்கும் வழி தேவைப்படுகிறது. ஷராவதிப் பள்ளத்தாக்கில் பகலில் நீரை மேலேற்றி மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்கும் பெருந்திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டுள்ளது. காடு அழியுமே என்று அதற்கு எதிர்ப்பும் எழுந்துள்ளது. இதில் முடிவு கூற நம் படிப்புப் போதாது.

நம் காலனியின் மாடிகளைப் பற்றியும் ஒரு சொல். சூரிய வெந்நீர்த் தொட்டி வைத்த வீட்டுக்கு மின்கட்டணத்தில் தள்ளுபடி என்று வந்தபொழுது நம்மில் பலர் வைத்தோம். 2024 முதல் கூரையில் சூரியத் தகடு பதிக்கும் குடும்பத்துக்கு மத்திய அரசாங்கம் 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. மீதிப் பணம் வீட்டுக்காரருடையது. ஆக, சேஷாத்திரி ஐயர் கணக்கைச் சிறிய அளவில் நாமும் போட வேண்டியவர்களாகி விட்டோம். வாடகைக்கு இருப்போர்க்கு மாடியே இல்லை என்பதைச் செயற்குழுவினர் கவனிப்பார்களாக. சங்கக் கட்டடத்தின் கூரை வெறுமையாகத்தான் கிடக்கிறது.

தங்கவயற் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 ஆம் நாளோடு மூடப்பட்டன. குழிகளில் நீர் நிறைந்தது. சயனைடு மேடுகள் மட்டும் வெண்சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. அங்குள்ள நம் மக்கள் இன்று விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரெயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள், இரவு திரும்புகிறார்கள். கரி கொண்டுவந்த அதே பாதையில் இப்பொழுது மின்சார ரெயில் ஓடுகிறது.

எங்கள் தந்தையார் முப்பது ஆண்டு கூண்டு இயக்கும் வேலையில் இருந்தவர். சிவசமுத்திரத்து மின்சாரத்தால் பிழைத்தவர், அவ்வூரை ஒருமுறையும் கண்டதில்லை. சென்ற ஆடி மாதம், ஆற்றில் வெள்ளம் வந்த சமயத்தில், அவரை மளவள்ளி வழியாகப் பேருந்தில் அழைத்துச் சென்றோம். ககனசுக்கியைப் பார்க்கும் மேடையில் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். சாரல் சட்டையை நனைத்தது. பின்னர், "தங்கவயல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கிழக்கே கை காட்டினோம். "இவ்வளவு தூரமா வந்தது" என்றார். திரும்பும் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினோம்.